மூடியைத் திறந்தால் குளிர் போய்விடும்

பொலோனா: என்னைத் திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம் அத்தை. முதல்ல இதைக் கேளுங்க. வாசிக்கறேன். "பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. உறைமழையில் மின்கம்பிகள் அறுந்து, மின்சாரம் இல்லாத ஏழாம் நாள். முதலில் ஒரு திருத்தம். நேற்று யுஸ்தீனா அத்தை வீட்டில் தீயணைப்புச் சங்க ஜெனரேட்டர் ஓடிய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் செலவானதாக எழுதியிருக்கிறேன். மற்றப் பத்து வீடுகளில் எதிலும் இரண்டு லிட்டருக்குக் குறையவில்லை. எனவே அளவு தவறு. தவறு என்னுடையது."

யுஸ்தீனா: உன் தப்பை நீயே எழுதி, நீயே வீடு வீடா வாசிச்சுக் காட்டறியே. போஸ்தோய்னா டவுனுக்குச் சாயங்கால வகுப்புக்குப் போறியே, அங்க இதைத்தான் சொல்லித்தராங்களா?

பொலோனா: குறிப்பேடு எழுதற முறைன்னு ஒரு பாடம் இருக்கு. தப்பு தெரிஞ்சா மறுநாள் முதல் வரியில எழுதிடணுமாம். அடிச்சுத் திருத்தக் கூடாதாம்.

யுஸ்தீனா: சரி, தப்பு உன்னோடதுதான். நான் மன்னிச்சுட்டேன். டீ குடிக்கிறியா?

பொலோனா: மன்னிப்புக் கேக்க வரல அத்தை. எங்க தப்பாச்சுன்னு பாக்க வந்தேன். லுட்விக் தாத்தா வீட்லயும் உங்களை மாதிரி விறகு அடுப்புதான், வீட்டைச் சூடாக்கற சுடுதண்ணி பம்ப் கிடையாது. ஒரே ஒரு ஃப்ரீசர். அங்க ரெண்டேகால் லிட்டர் குடிக்குது. இங்க மட்டும்...

யுஸ்தீனா: லுட்விக் வீட்ல எல்லாமே கொஞ்சம் அதிகமாத்தான் குடிக்கும்.

பொலோனா: குச்சி விட்டு அளந்தேன். ரெண்டு தடவை. ஒருவேளை ஜெனரேட்டர் வண்டி சரிவுல நின்னுதோ என்னவோ.

யுஸ்தீனா: சரிவுலதான் நின்னுது. நானே பாத்தேன்.

பொலோனா: நேத்து நீங்க வெளியவே வரலையே.

யுஸ்தீனா: ஜன்னல் வழியா பாத்தேன்.

பொலோனா: ஜன்னல்ல விரல் தடிமனுக்கு ஐஸ் பிடிச்சிருக்கு.

யுஸ்தீனா: ...டீ குடிக்கிறியா, இல்லையா?

பொலோனா: குடிக்கறேன். நீங்க எழுந்து போட்டா.

யுஸ்தீனா: கெட்டில் அடுப்பு மேலயே இருக்கு. கப்பு எங்கன்னு உனக்குத் தெரியும். எனக்கு இடுப்புப் பிடிப்பு.

பொலோனா: இடுப்புப் பிடிப்போட எதுக்கு ஃப்ரீசர் பெட்டி மேல ஏறி உக்காந்திருக்கீங்க? நாற்காலி சும்மா கிடக்கே.

யுஸ்தீனா: உயரமா உக்காந்தா இடுப்புக்கு நல்லது. டாக்டர் சொன்னார்.

பொலோனா: எந்த டாக்டர்?

யுஸ்தீனா: நீ தீயணைப்புச் சங்கத்துக்கு ஜெனரேட்டர் கணக்கு எழுத வந்தியா, என் இடுப்புக் கணக்கு எழுத வந்தியா?

பொலோனா: ஜெனரேட்டர் விஷயமாத்தான் வந்தேன். காலையில போக்தான் மாமா சங்கத்துல எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார். நீங்கதான் வரல. நேத்து டிராக்டர் ரெண்டு தடவை வழுக்கிடுச்சு. கோயில் வளைவுல ஜெனரேட்டரே கவிழப் பாத்துச்சு, நாலு பேர் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களாம். சங்கத் தலைவரா இனி இதை ரோட்ல இழுத்துக்கிட்டுப் போக நான் சம்மதிக்க மாட்டேன், ஆள் செத்தா யாரு பதில் சொல்றதுன்னு கேட்டார். அதுவும் நியாயம்தான். பதினோரு வீடு, வீட்டுக்கு ரெண்டு மணி நேரம், நடுவுல விழுந்து கிடக்கிற மரத்தை அறுத்து வழி விடற நேரம்... ஒரு சுத்து வர முப்பது மணி நேரம் ஆகுது. முப்பது மணிக்கு ரெண்டு மணி கரண்டு கொடுத்தா எந்தப் பெட்டி தாங்கும்?

யுஸ்தீனா: அப்போ என் வீட்டுக்கு இன்னிக்கு வராதா?

பொலோனா: உங்க வீட்டுக்கு மட்டும்தான் வரும்.

யுஸ்தீனா: அதென்ன?

பொலோனா: நீங்கதானே சங்கத்துக்கு அடுத்த வீடு. ஜெனரேட்டரை இனி நகத்தறதே இல்ல, சங்கக் கொட்டகையிலேயே நிக்கும். கீழத்தெரு இறைச்சியெல்லாம் கொட்டகைக்கு வந்துடும், அங்க ரெண்டு பெட்டி தூக்கி வந்து வச்சாச்சு. மேலத்தெரு அஞ்சு வீட்டுக்குப் பெட்டி வேணும். ஊர்லயே பெரிசு உங்களோடது, நானூறு லிட்டர். தூக்கக்கூட வேணாம், கொட்டகையிலேர்ந்து ஒரு வயர் இழுத்தா போதும். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எல்லாரும் கூடையோட வருவாங்க.

யுஸ்தீனா: எங்க?

பொலோனா: இங்க.

யுஸ்தீனா: இதுக்குள்ளயா? இது நிறைஞ்சு வழியுது பொண்ணே. ஒரு முட்டை வைக்க இடம் கிடையாது.

பொலோனா: முட்டையை யாரும் ஃப்ரீசர்ல வைக்க மாட்டாங்க.

யுஸ்தீனா: இடம் இருந்தா வைப்பேன். அதான் இல்லையே.

பொலோனா: கொஞ்சம் எழுந்திருங்க அத்தை. எவ்வளவு இடம் இருக்குன்னு பாத்து எழுதணும். வெப்பமானி கொண்டு வந்திருக்கேன்.

யுஸ்தீனா: மூடியைத் திறந்தா குளிர் போயிடும். நீங்கதானே முதல் நாள் வீடு வீடா வந்து சொன்னீங்க, கரண்டு இல்லாதப்போ மூடியைத் திறக்காதீங்கன்னு. நான் ஊருக்குக் கட்டுப்பட்டவ.

பொலோனா: ஒரே ஒரு தடவை.

யுஸ்தீனா: ஒரு தடவை கெட்டது கெட்டதுதான்.

பொலோனா: அத்தை, லுட்விக் தாத்தா வீட்டுப் பெட்டியில மேல் அடுக்கு இறைச்சியை விரலால அமுக்கினா பள்ளம் விழுது. நாளை மத்தியானம் தாண்டாது. வெளியில வைக்கலாம்னா ஒரு டிகிரியில நிக்குது. கம்பியில இருக்கிற ஐஸ் உருகவும் மாட்டேங்குது, இறைச்சி உறையவும் மாட்டேங்குது. ஸோரா அக்கா தொடைக்கறியைப் பனியில புதைச்சு வச்சாங்க, நரி வந்து தோண்டி எடுத்துட்டுப் போயிடுச்சு. அஞ்சு வீடு அத்தை. ஒரு வருஷம் தீனி போட்டு வளத்து, டிசம்பர்ல அடிச்சு எடுத்து வச்சது. கோடை வரைக்கும் அதைத்தான் சாப்பிடணும்.

யுஸ்தீனா: எனக்கு மட்டும் மனசு இல்லையா... இடம் இல்ல. இடம் இருந்தா கொடுக்க மாட்டேனா?

பொலோனா: சரி, திறக்க வேணாம். உள்ள என்னென்ன இருக்குன்னு வாயால சொல்லுங்க. கூட்டிப் பாத்து எவ்வளவு மிச்சம்னு நானே கண்டுபிடிச்சுக்கறேன்.

யுஸ்தீனா: எல்லாமே இருக்கு.

பொலோனா: எல்லாமேன்னு எழுத முடியாது.

யுஸ்தீனா: தொடை. அதை எழுதிக்க. தொடை மூணு.

பொலோனா: மூணா?

யுஸ்தீனா: ...நாலு. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. பன்னிக்கு நாலு கால்தானே.

பொலோனா: நாலு தொடை. அப்புறம்?

யுஸ்தீனா: விலா. ரெண்டு பக்கமும். கழுத்துக்கறி ஒரு நாப்பது கிலோ.

பொலோனா: கழுத்து மட்டுமா?

யுஸ்தீனா: நீளக் கழுத்து. அப்புறம் கொழுப்பு அம்பது கிலோ, நாக்கு, ஈரல், க்ளொபாஸா தொத்திறைச்சி ஒரு நூத்தம்பது. ரத்தம் அடைச்சது ஒரு எண்பது. போதுமா?

பொலோனா: இருங்க... கூட்டறேன். எலும்பு, தலை, தோலெல்லாம் சேத்தா... நான் எங்கயோ தப்பு பண்றேன். இன்னொரு தடவை. ...அத்தை, உங்க பன்னி ஐநூத்தி இருபது கிலோ வருது.

யுஸ்தீனா: நல்லா தின்னுச்சு.

பொலோனா: அது எங்க அப்பாவோட கார் எடை.

யுஸ்தீனா: உங்கப்பா சின்னக் கார் வச்சிருந்தா நான் என்ன பண்ண முடியும்?

பொலோனா: அத்தை... அது என்ன சத்தம்?

யுஸ்தீனா: எது?

பொலோனா: பின்னறையிலேர்ந்து. இப்போ கேட்டுதே... கர்ர்ருன்னு.

யுஸ்தீனா: உங்க மாமா. தூங்கறார்.

பொலோனா: காலையில பத்து மணிக்கா?

யுஸ்தீனா: இருட்டுல மணி எப்படித் தெரியும் அவருக்கு? ஏழு நாளா ராத்திரி பகல் எல்லாம் ஒண்ணாப் போச்சு.

பொலோனா: சளி பிடிச்சிருக்கா என்ன? மூச்சு ரொம்ப கனமா இருக்கே. மறுபடியும்... கேக்குதா? கதவை உரசற மாதிரி வேற இருக்கு.

யுஸ்தீனா: தூக்கத்துல கையைக் காலை ஆட்டுவார்.

பொலோனா: கதவுக்கு அடியில ஒரு வயர் போகுதே, அது எதுக்கு?

யுஸ்தீனா: அவரோட இடுப்புக்கு. ஆபரேஷன் பண்ணின இடம் குளிர்ல வலிக்குது, ஒரு சூடு விளக்கு போட்டிருக்கேன்.

பொலோனா: அவருக்கும் இடுப்பா?

யுஸ்தீனா: புருஷன் பொண்டாட்டின்னா எல்லாத்துலயும் பங்குதான்.

பொலோனா: ஃப்ரீசரும் சுடுதண்ணி பம்ப்பும் தவிர வேற எதையும் மாட்டக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆனா நோயாளின்னா... அதை எப்படி எழுதறதுன்னு தெரியல. போக்தான் மாமாகிட்டக் கேக்கணும்.

யுஸ்தீனா: கேக்காதே.

வின்கோ: கதவைத் தள்ளுங்க யாராவது. ரெண்டு கையிலயும் விறகு.

பொலோனா: ...மாமா?

வின்கோ: பொலோனாவா. வா வா. வெளியில கால் வைக்காதே, நான் வாசல்ல இப்போதான் உக்காந்தேன். உக்காரணும்னு நினைச்சு உக்காரல.

பொலோனா: நீங்க வெளியிலயா இருந்தீங்க?

வின்கோ: பின்ன, விறகு தானா நடந்து வருமா?

பொலோனா: அப்போ உள்ள குறட்டை விடறது யாரு?

வின்கோ: யுஸ்தீனா, என்னன்னு சொல்லி வச்சிருக்கே?

யுஸ்தீனா: நீங்கன்னு.

வின்கோ: நானா? முப்பத்தெட்டு வருஷமாச்சு, எனக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியல உனக்கு?

யுஸ்தீனா: தெரியுமே. அது திரும்பிப் படுன்னா படுக்கும்.

பொலோனா: எது?

வின்கோ: கதவைத் திறந்து காட்டிடவா யுஸ்தீனா? விளக்கு அணைஞ்சதுலேர்ந்து அதுவும் வெளிய வரணும்னு முட்டிக்கிட்டே இருக்கு.

யுஸ்தீனா: இனி என்ன இருக்கு. திறங்க.

பொலோனா: ...இது... உங்க பன்னி.

வின்கோ: லீஸா.

பொலோனா: டிசம்பர்ல அடிச்ச பன்னி.

வின்கோ: அடிக்காத பன்னி.

பொலோனா: என் பூட்ஸை நக்குது.

யுஸ்தீனா: உன்னைப் பிடிச்சுப் போச்சு. புதுசா வர்றவங்ககிட்ட அவ்வளவு சுலபத்துல போகாது. லீஸா, வா இங்க. அக்கா வேலையா வந்திருக்காங்க.

பொலோனா: அத்தை, நான் உக்காந்துக்கறேன்.

யுஸ்தீனா: உக்காரு. அந்த டீயைக் குடி... நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும், ஆனா எழுதிடுவியே, அதுதான் பயம். இவரைப் போன அக்டோபர்ல ஆஸ்பத்திரியில சேத்தேன் பாரு. இடுப்பை மாத்தறதுக்குன்னு போனவர் ஏழு வாரம் அங்கயே கிடந்தார். பிள்ளைங்க ஜெர்மனியில. வீட்ல நான் ஒருத்தி. சாயங்காலம் தீனி வைக்கப் போவேன், வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து, இன்னிக்கு டாக்டர் இப்படிச் சொன்னார், அப்படிச் சொன்னார்னு பேசிக்கிட்டு இருப்பேன். அது தின்னறதை நிறுத்திட்டு என்னையே பாக்கும். இவர்கூட அப்படிப் பாத்ததில்ல.

வின்கோ: நான் தின்னறதை நிறுத்த மாட்டேன்.

யுஸ்தீனா: டிசம்பர் முதல் சனிக்கிழமை எடோ கத்திப் பையோட வந்து நிக்கறான். தண்ணி கொதிக்குது. லீஸா நான் உக்கார்றதுக்குன்னு வாளியை மூக்கால தள்ளிக்கிட்டு வருது. சத்தியமா பொலோனா, வாளியை. அவனைப் பாத்து, தப்பா நினைக்காதே எடோ, விபாவாலேர்ந்து வேற ஆள் வந்து நேத்தே அடிச்சுட்டான்னு சொல்லிட்டேன். ஊர்ல இருபது வருஷமா பன்னி அடிக்கறவன். அன்னிக்குப் போனவன் இன்னும் என்கிட்டப் பேசல.

பொலோனா: அப்போ ஃப்ரீசர்ல...

யுஸ்தீனா: இந்தா, எழுந்துட்டேன். பாத்துக்க.

பொலோனா: ஒரு பை பட்டாணி. ஒரு பாட்டில் பிளம் சாராயம்.

வின்கோ: அதை எழுத வேணாம்.

பொலோனா: ...இது கம்பளி ஸ்வெட்டரா?

யுஸ்தீனா: பூச்சி அரிக்காம இருக்க.

பொலோனா: பெட்டியோட பிளக்கே மாட்டலையே. ரெண்டு மணி நேரமும் அந்த விளக்கு மட்டும்தானா எரிஞ்சுது?

யுஸ்தீனா: பனியில அது நடுங்கிச்சு. ஒரே ஒரு விளக்கு. ஊர் பெட்ரோலைத் திருடறோமேன்னு எனக்கும் உறுத்தத்தான் செஞ்சுது. ஆனா என் முறை வேணாம்னு சொன்னா ஏன் வேணாம்னு கேப்பீங்களே. திட்டணும்னா திட்டிடு.

பொலோனா: அப்போ நான் தப்பா அளக்கல.

யுஸ்தீனா: என்ன?

பொலோனா: ஒரு லிட்டர்தான். சரியாத்தான் அளந்திருக்கேன். நேத்து முழுக்க ஏழு தடவை கணக்குப் போட்டுப் பாத்தேன் அத்தை. எனக்கு ஒரு குச்சியை விட்டு அளக்கக்கூடத் தெரியல, நான் எதுக்குப் படிக்கப் போறேன்னு...

வின்கோ: இவ கவலை எதுன்னு பாரு.

பொலோனா: அதோட, நானூறு லிட்டர் அப்படியே காலியா இருக்கு. அஞ்சு வீட்டு இறைச்சியும் பிழைச்சுது. அத்தை, இதுக்குப் போய் அரை மணி நேரமா என்னைக் கழுத்துக்கறி எழுத வச்சீங்களே. நீங்க பன்னி அடிக்கலைன்னா என்ன இப்போ? யாரு கேக்கப் போறாங்க?

யுஸ்தீனா: யாரு கேக்கப் போறாங்களா? அந்தச் சுவத்தைப் பாரு. என்ன தொங்குது?

பொலோனா: பலகை... "கிராமத்தின் சிறந்த வீட்டுக் க்ளொபாஸா, முதல் பரிசு."

யுஸ்தீனா: எப்போ வாங்கினேன்?

பொலோனா: போன மாசம். ...ஓ.

யுஸ்தீனா: ம்.

பொலோனா: பன்னியே அடிக்காம அது எப்படி...

யுஸ்தீனா: நான் என்ன பரிசுக்கு ஆசைப்பட்டா செஞ்சேன்? பன்னி அடிச்ச வீட்லேர்ந்து ஊர்ல எல்லா வீட்டுக்கும் ஒரு தட்டு போகணும். பத்து வீட்லேர்ந்தும் எனக்குத் தட்டு வந்தாச்சு. காலித் தட்டையா திருப்பி அனுப்பறது? அதான் டவுன்ல போய்...

பொலோனா: கடையிலயா?

யுஸ்தீனா: பஸ் நிலையத்துக்கு எதிர்ல இருக்கே, பெரிய கடை. உள்ள போனதும் இடது பக்கம்.

பொலோனா: கண்ணாடிப் பெட்டிக்கு அடுத்த வரிசை. பத்துப் பத்தா கட்டினது.

யுஸ்தீனா: அதேதான். உனக்கு எப்படித் தெரியும்?

பொலோனா: வகுப்பு முடிஞ்சு பஸ்ஸுக்கு அங்கதானே நிக்கறேன். ...அதுல ரெண்டு பக்கமும் தகரக் கம்பி முறுக்கியிருக்குமே. தட்டுல வச்சா தெரிஞ்சுடாதா?

யுஸ்தீனா: ஒவ்வொண்ணா பிச்சு எடுத்துட்டு மரக்குச்சி குத்தினேன். வீட்ல செஞ்சதுன்னா குச்சிதானே. கை புண்ணாப் போச்சு.

பொலோனா: ஆமா, அந்தக் கம்பி கையைக் கிழிக்கும். ...கிழிக்குமாம். அப்புறம் அப்படியே கொடுத்துட்டீங்களா?

யுஸ்தீனா: அப்படியே கொடுக்க நான் என்ன கூறு கெட்டவளா? புகைக்கூண்டுல ரெண்டு நாள் தொங்கவிட்டேன். பீச் மர விறகு, மேல கொஞ்சம் ஜூனிப்பர் தழை.

பொலோனா: மறுபடியும் புகை போட்டீங்களா... அதான்.

யுஸ்தீனா: எதான்?

பொலோனா: ஒண்ணுமில்ல.

வின்கோ: தட்டோட நின்னிருந்தா பரவாயில்ல. போட்டிக்குக் கொடுக்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்.

யுஸ்தீனா: கொடுக்கலைன்னா ஏன் கொடுக்கலைன்னு கேப்பாங்களே. நமக்கு எங்க கிடைக்கப் போகுதுன்னு கொடுத்தேன். அந்த லுட்விக் இருக்கானே, கண்ணைக் கட்டிக்கிட்டு மென்னு பாத்துட்டு, இதுல நம்ம மண்ணு வாசம் அடிக்குதுன்னு கண்ணு கலங்கினான். நான் நாற்காலியிலயே உறைஞ்சு போயிட்டேன்.

வின்கோ: அந்த மண்ணு எந்த நாட்டு மண்ணுன்னு பொட்டலத்துல பொடியா எழுதியிருந்துச்சு.

யுஸ்தீனா: அதுல ரெண்டாம் பரிசு யாருக்கு?

பொலோனா: ...எங்க அம்மாவுக்கு.

யுஸ்தீனா: உங்க அம்மாவுக்கு. பாவம் சோன்யா. தொழிற்சாலையில ஷிஃப்ட் பாத்துக்கிட்டு, லீவு போட்டு, அண்ணன் வீடு வரைக்கும் போய், அங்க பன்னி அடிச்சு, மாவாட்டம் அரைச்சு, தன் கையால அடைச்சு எடுத்துட்டு வந்தவ. அவளை ரெண்டாவதாக்கிட்டு, கடையில வாங்கின நான் பலகையை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அன்னியிலேர்ந்து என்னைக் கண்டா சோன்யா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறா.

பொலோனா: அம்மா கோவத்துல திருப்பிக்கலை.

யுஸ்தீனா: பின்ன வேறெதுக்கு? அவ இடத்துல நான் இருந்தா திருப்பிக்கிறதோட நிறுத்தியிருக்க மாட்டேன். இப்போ உன் நோட்டுல இதெல்லாம் ஏறும். சாயங்காலம் போக்தான் சங்கத்துல எழுந்து நின்னு சத்தமா வாசிப்பான். ஒரு எழுத்து விடமாட்டான். அப்புறம் நான் லீஸாவைக் கூட்டிக்கிட்டு ஜெர்மனிக்குத்தான் போகணும்.

வின்கோ: என்னை?

யுஸ்தீனா: இடம் இருந்தா.

பொலோனா: பொய் எழுத மாட்டேன் அத்தை. இப்பவே சொல்லிடறேன்.

யுஸ்தீனா: தெரியும்.

பொலோனா: ஆனா எந்தக் கட்டத்துல என்ன கேட்டிருக்கோ அதுக்குத்தான் எழுதணும். கேக்காததை எழுதினாலும் தப்புதான், பாடத்துலயே இருக்கு. இருங்க... "பெட்டி: நானூறு லிட்டர். நல்ல நிலையில் உள்ளது. மேலத்தெருவின் தேவைக்குப் போதும்." இதுல எது பொய்?

வின்கோ: ஒண்ணும் இல்ல.

பொலோனா: "நேற்றைய அளவு ஒரு லிட்டர் என்பது சரி. இன்று காலை எழுதிய திருத்தம் தவறு. தவறு என்னுடையது."

யுஸ்தீனா: அதையும் உன் தலையிலயே போட்டுக்கணுமா?

பொலோனா: திருத்தம் என்னோடதுதானே. அப்புறம் விளக்கு. அதை விட முடியாது, வயர் இருக்கு. "வெப்ப விளக்கு: ஒன்று. பின்னறையில் உள்ள குடும்ப உறுப்பினருக்கு."

யுஸ்தீனா: ...பொலோனா, உனக்கு இன்னொரு கப் டீ ஊத்தறேன்.

வின்கோ: நோட்டு சரி. காலையில அஞ்சு வீட்டுக்காரங்களும் கூடையோட வந்து மூடியைத் தூக்குவாங்களே, அப்போ? பட்டாணியைப் பாத்து என்ன சொல்றது?

யுஸ்தீனா: அடியில விறகை அடுக்கி, துணி சுத்தி வச்சா?

பொலோனா: ஊர் இறைச்சி கெட்டுக்கிட்டு இருக்கு, நீங்க விறகை உறைய வைக்கப் போறீங்களா? இடம் போகும்.

யுஸ்தீனா: கொஞ்சூண்டு விறகு.

பொலோனா: இல்ல. யாரு முதல்ல வராங்கங்கறதுதான் விஷயம். காலியா இருக்கறதை அவங்க மட்டும்தான் பாப்பாங்க. அவங்க ரெண்டு கூடையைத் துணி போட்டுக் கட்டி அடியில வச்சுட்டா, அடுத்து வர்றவங்களுக்கு ஒரு கூடை அவங்களோடது, ஒரு கூடை உங்களோடதுன்னு தோணும். யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும் அவங்கவங்க இறைச்சி உருகற அவசரம்.

வின்கோ: இந்தப் பொண்ணுக்குத் தன் மூளை மேல ஏன் இவ்வளவு சந்தேகம்னு எனக்குப் புரியல.

யுஸ்தீனா: அப்போ முதல்ல லுட்விக்கைப் போடு. அவனுக்குக் கண்ணு மங்கல்.

பொலோனா: வாய் மங்கல் இல்லையே. எங்க வீட்டைத்தான் முதல்ல போடறேன்.

யுஸ்தீனா: உங்க வீடா? சோன்யாவா? என்னைக் கொன்னுடுவா. மூடியைத் தூக்கிப் பாத்தா என் ஸ்வெட்டர்... இல்ல பொலோனா, வேணாம். வேற யாரை வேணா எழுது.

பொலோனா: அம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க.

யுஸ்தீனா: அவ கஷ்டப்பட்டு அடைச்ச கூடையில ஒண்ணை என்னோடதுன்னு ஊர் நினைக்கட்டும்னு விட்டுக்கொடுப்பாளா? அதுவும் எனக்கு?

பொலோனா: கொடுப்பாங்க.

யுஸ்தீனா: அவ்வளவு நிச்சயமா சொல்றே. உனக்கு எதுலயுமே இவ்வளவு நிச்சயம் இருந்து நான் பாத்ததில்லையே.

பொலோனா: இதுல இருக்கு.

யுஸ்தீனா: சரி, அப்படியே வரட்டும். திட்டினா வாங்கிக்கறேன், நியாயம்தான். ஆனா ரெண்டு பெரிய கூடை, ஒவ்வொண்ணும் எழுபது எண்பது கிலோ வராதா? வாசப்படியெல்லாம் கண்ணாடியா இருக்கு. இவருக்கு இடுப்பு, எனக்கு வயசு. யாரு தூக்கறது?

பொலோனா: எழுதிட்டேன், கேளுங்க. "பிப்ரவரி 8, சனிக்கிழமை. காலை ஏழு மணி. முதல் வீடு: எங்களுடையது. கூடை: இரண்டு. தூக்குபவர்கள்: சோன்யா, யுஸ்தீனா." நீங்க கூடையோட ஒரு காதைப் பிடிங்க, அம்மா ஒரு காதைப் பிடிப்பாங்க. ரெண்டுமே காலிக் கூடைதான் அத்தை, நாங்க இந்த வருஷம் பன்னியே வாங்கல, எங்க வீட்லயும் அம்மா ஏழு நாளா பெட்டி மேலதான் உக்காந்திருக்காங்க. கொட்டகை வாசல்லேர்ந்து போக்தான் மாமா பாத்துக்கிட்டு இருப்பார், அதனால நாளைக்கு ரெண்டு பேரும் படியில ஒரு தடவை இறக்கி வச்சு, கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, அப்புறம் தூக்கணும்.